கம்ப்யூட்டரைக் குற்றம் சொல்லும் முன் அந்தச் சொட்டு மருந்தைப் பாருங்கள்

இந்த முறை நான் பதில் எழுத எடுத்துக்கொண்ட கடிதம் 43 வயது வாசகி ஒருவருடையது. தன்னை அடையாளம் காட்டும் எதுவும் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருக்கிறார், அதனால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 18 வருடமாக வேலை பார்க்கிறார். காலையில் உட்கார்ந்தால் 9, 10 மணி நேரம் திரைதான். போன வருடம் இரண்டாவது மானிட்டரும் வந்துவிட்டது: இடதுபக்கம் எக்ஸெல், வலதுபக்கம் கணக்கு மென்பொருள். மதியம் மூன்று மணி தாண்டினால் கண் எரிகிறது, மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது, சில நாள் தாரை தாரையாகத் தண்ணீர் வருகிறது. நெற்றியில் வலி, கழுத்தில் பிடிப்பு. போன் பார்க்க ரெடிமேடாக வாங்கிய பிளஸ் 2 கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் மானிட்டர் மங்குகிறது, கழற்றினால் எழுத்து மங்குகிறது, அதனால் 'பவர் தினமும் மாறுகிறதோ' என்று பயம். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கியும் பலனில்லை. 'ரேடியேஷன், இப்படியே போனால் பார்வை போய்விடும்' என்று உடன் வேலை செய்பவர் சொன்னது மனதில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது, ஏனென்றால் இவருடைய அம்மாவுக்கு கண் அழுத்தத்தால் ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது, மறு கண்ணுக்கு தினமும் சொட்டு மருந்து விடுகிறார்கள். 'எனக்கும் கம்ப்யூட்டரால் அந்த நிலைமை வருமா, வேலையை விட்டுவிடவா?' என்பதுதான் கேள்வி. 11 வயது மகனுக்கும் இந்த வருடம் கண்ணாடி வந்துவிட்டதால் வீட்டு லேப்டாப்பைப் பூட்டி வைத்துவிட்டாராம்.

கடைசியில், கையெழுத்துக்கு மேலே, போகிற போக்கில் ஒரு வரி. கண் ரொம்பச் சிவந்தால், இரண்டு வருடத்துக்கு முன் அலர்ஜிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை விடுகிறார், அரை மணியில் சரியாகிவிடுகிறது. முன்பு எப்போதாவதுதான், இந்த நாலைந்து மாதமாக வாரத்தில் நாலைந்து நாள். மருந்தின் பெயரையும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, தினமும் நான் பார்க்கிற கம்ப்யூட்டர் கண் பிரச்சினைதான் என்று நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தேன். அந்தக் கடைசி வரி வந்ததும் திரும்ப மேலே போய் உங்கள் அம்மாவைப் பற்றி எழுதிய இடத்தைத் தேடினேன். ஒரு பக்கத்தில் அம்மாவின் கண் அழுத்தம், இன்னொரு பக்கத்தில் அந்த மருந்து. இரண்டுக்கும் நடுவே நீங்கள் எந்தக் கோடும் போடவில்லை. எனக்கோ அந்தக் கோடுதான் முதலில் தெரிந்தது. அதனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்புறம் வருகிறேன், கேட்காத விஷயத்தை முதலில் பேசிவிடலாம்.

அந்தச் சொட்டு மருந்து

நீங்கள் எழுதிய பெயர் ஸ்டீராய்டு கலந்த மருந்து. அலர்ஜி, கண்ணுக்குள் அழற்சி, அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் வீக்கம் இவற்றுக்கெல்லாம் அருமையான மருந்து, நானே தினமும் எழுதித் தருகிறேன். ஆனால் எழுதும்போதே எத்தனை நாள், எப்படிக் குறைப்பது, எப்போது திரும்ப வந்து அழுத்தம் பார்ப்பது என்று மூன்றையும் சேர்த்து எழுதுவோம். நாட்கள் முடிந்த பிறகும் காலி பாட்டிலைக் கடையில் காட்டி மறுபடி வாங்கும்போது அந்த மூன்றும் கழன்றுபோய் மருந்து மட்டும் மிஞ்சுகிறது.

இந்த வகை மருந்தைச் சில வாரங்களுக்கு மேல் விட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். கண்ணுக்குள் சுரக்கிற நீர் வெளியேறும் சல்லடை மாதிரியான பாதை இருக்கிறது, ஸ்டீராய்டு அந்தப் பாதையை மெல்ல அடைக்கிறது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஓரளவு ஏறும், நூற்றில் ஐந்து பேர் அளவில் கணிசமாக ஏறும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கிளாக்கோமா (பெரும்பாலும் கண்ணின் அழுத்தத்தால் பார்வை நரம்பு அழிகிற நோய்) இருந்தால் அந்தக் கூட்டத்தில் சேருகிற வாய்ப்பு கூடும். உங்கள் அம்மாவுக்கு இருப்பதாக நீங்கள் சொன்ன 'கண் அழுத்தம்' பெரும்பாலும் அதுதான்.

இதில் கஷ்டம் என்னவென்றால், மெதுவாக ஏறுகிற அழுத்தம் வலிக்காது. கண் சிவக்காது, எழுத்து மங்காது. சொல்லப்போனால் மருந்து விட்டதும் கண் வெளுத்து, எரிச்சல் நின்று, எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரியே தோன்றும். உள்ளே கண்ணையும் மூளையையும் இணைக்கிற நரம்பில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் இருக்கின்றன, அழுத்தம் அவற்றை ஓரத்துப் பார்வையிலிருந்து தொடங்கிச் சிறுகச் சிறுக அழிக்கும். ஒரு கண்ணில் விழும் ஓட்டையை மறு கண் நிரப்பிவிடுவதால் ஆளுக்குத் தெரிவதில்லை. அலர்ஜிக்கு இப்படி வருடக்கணக்கில் மருந்து விட்டுக்கொண்ட ஒரு இளைஞரைப் பார்த்திருக்கிறேன். இடது தோள் அடிக்கடி கதவு நிலையில் இடிக்கிறது, கவனக்குறைவு என்று வீட்டில் திட்டுகிறார்கள் என்றார். கவனம் சரியாகத்தான் இருந்தது, அந்தப் பக்கத்துப் பார்வை போயிருந்தது. போன நரம்பை மீட்க இன்றைக்கு எங்களிடம் வழியில்லை.

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. நாலைந்து மாதம் என்பது பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வரக்கூடிய தூரம்தான். ஸ்டீராய்டால் ஏறிய அழுத்தம் மருந்தை நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் இறங்கிவிடும். உங்களுக்கு ஏறாமலேகூட இருக்கலாம். ஆனால் அளந்து பார்க்காமல் அதை நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இன்னொரு பாட்டில் வாங்காதீர்கள். இந்த வாரத்துக்குள் ஒரு கண் மருத்துவரைப் பாருங்கள். வெறும் பவர் பார்க்கிற இடத்துக்குப் போனால் போதாது. அவர் அழுத்தத்தை அளப்பார் (பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கும், ஆனால் அந்த எண் மட்டுமே தீர்ப்பு கிடையாது), நரம்பைப் பார்ப்பார், தேவைப்பட்டால் ஓரப் பார்வைச் சோதனையும் நரம்பின் ஸ்கேனும் எடுப்பார். ஸ்டீராய்டு கண்புரையையும் சீக்கிரம் கொண்டுவரலாம் என்பதால் லென்ஸையும் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தைச் சட்டென நிறுத்துவதா படிப்படியாகக் குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும், அதற்குத்தான் இந்த வாரமே என்கிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களும் எழுந்துபோய் வீட்டு அலமாரியில் இருக்கிற சொட்டு மருந்து லேபிளைப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிப்ரெட்னால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஆன்டிபயாட்டிக் பெயருக்குப் பின்னால் சின்ன எழுத்தில் ஒளிந்திருப்பதும் உண்டு, ஆகவே கடைசி வரை படியுங்கள். சிவப்பை மட்டும் போக்குகிற நாஃபசோலின் போன்ற மருந்துகள் வேறு ரகம். அவை ரத்தக் குழாயைச் சுருக்கி வெளுக்க வைக்கும், வேகம் தீர்ந்ததும் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும், மறுபடி விடத் தோன்றும். அதுவும் வேண்டாம்.

திரை கண்ணைக் கெடுக்கிறதா?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் பார்ப்பதால் உங்கள் அம்மாவுக்கு வந்தது உங்களுக்கு வராது. கிளாக்கோமா வேறு, திரை பார்ப்பதால் வரும் அசதி வேறு. உங்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு அம்மா வழியாக இருக்கிறது, அதற்காகத்தான் நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் எப்படியும் 40 வயதைத் தாண்டினால் வருடாவருடம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அலுவலகத் திரை அந்தக் கணக்கில் வரவே வராது.

'ரேடியேஷன்' என்ற பேச்சு பழைய கனமான பெட்டி மானிட்டர் காலத்திலிருந்து வருவது. இன்றைய தட்டை மானிட்டர் உங்கள் முகத்தில் கொட்டுவது சாதாரண வெளிச்சம்தான். நீல ஒளிக் கண்ணாடியால் பலனில்லை என்று எழுதியிருந்தீர்கள், உங்கள் அனுபவம் சரிதான். காக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023ல் சொன்னதும் இதுதான்: சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால், திரையால் வரும் கண் அசதியை நீல ஒளிக் கண்ணாடி குறைப்பதாகத் தெரியவில்லை. திரையிலிருந்து வருகிற நீல ஒளியைவிடப் பல மடங்கு அதிகமாகப் பகல் வெளிச்சத்தில் இருக்கிறது. வாங்கிவிட்டீர்கள், பரவாயில்லை, போட்டால் கெடுதலும் இல்லை.

அப்படியானால் அந்த எரிச்சலும் வலியும் கற்பனையா என்றால், நிச்சயமாக இல்லை. அதற்கு இரண்டு காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

முதல் காரணம்: இமைக்க மறக்கிறீர்கள்

ஜப்பானில் இரண்டு மருத்துவர்கள் அலுவலக ஊழியர்களின் இமைப்பை எண்ணிப் பார்த்து 1993ல் வெளியிட்டார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 22 தடவை, புத்தகம் படிக்கும்போது 10, கம்ப்யூட்டர் திரை முன்னால் 7. இத்தனை வருடத்தில் திரைகள் எவ்வளவோ மாறிவிட்டன, இந்தக் கதை மாறவில்லை. எண்ணிக்கை குறைவது மட்டுமில்லாமல் இமைப்பும் பாதியில் நின்றுவிடுகிறது: மேல் இமை கீழ் இமையைத் தொடாமலே திரும்பிவிடும். விழியின் கீழ்ப்பகுதி நாள் முழுக்க நனையாமல் கிடக்கும். சாயம் போட்டு விளக்கில் பார்த்தால், கணக்கு வேலை பார்ப்பவர்களின் கண்ணில் கீழே ஒரு பட்டை மட்டும் புள்ளி புள்ளியாகக் காய்ந்திருப்பது தெரியும்.

கண்ணீர் என்றால் வெறும் தண்ணீர் என்று நினைக்கிறோம். அதன் மேல் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது, தண்ணீர் ஆவியாகாமல் காப்பது அதுதான். இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் சுரப்பிகளிலிருந்து ஒவ்வொரு முழு இமைப்புக்கும் அந்த எண்ணெய் பிதுங்கி வரும். இமைக்காவிட்டால் எண்ணெய் உள்ளேயே தங்கிக் கெட்டியாகிவிடும். அப்புறம் எவ்வளவு தண்ணீர் சுரந்தாலும் நிற்காது. 'தண்ணீர் ஊற்றுகிறதே, பிறகு எப்படி வறட்சி?' என்று பலரும் கேட்பார்கள். காய்ந்து உறுத்துகிற கண், தூசு விழுந்துவிட்டது என்று நினைத்து அவசரத்துக்கு ஒரு குடம் தண்ணீரைக் கொட்டுகிறது. அதில் எண்ணெய் இல்லை, கன்னத்தில் வழிந்து போய்விடும், கண் மறுபடி காயும்.

இதற்குச் செய்யக்கூடியவை எளிமையானவை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் இருக்கிற எதையாவது 20 வினாடி பார்ப்பது என்ற வழக்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த எண்களில் மந்திரம் எதுவும் இல்லை, ஞாபகம் வைக்க வசதியாக அமைந்தவை. என் நோயாளிகளிடம் நான் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன்: அந்த 20 வினாடியில் பத்து தடவை கண்ணை முழுதாக மூடித் திறங்கள், மூடும்போது இரண்டு இமையும் தொடுவதை உணருங்கள். கணக்கு வேலையில் அலாரம் வைத்தால் எரிச்சல்தான் வரும், ஆகவே ஏற்கெனவே செய்கிற ஒன்றோடு முடிந்து வையுங்கள். கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் மூன்று முழு இமைப்பு, இதுபோல.

இரவில் சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பொறுக்கிற சூட்டில், மூடிய கண்ணின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். ஆறினால் மறுபடி நனையுங்கள். பிறகு இமை விளிம்பை நோக்கி விரலால் லேசாக வருடுங்கள், விழியை அழுத்த வேண்டாம். கெட்டியான எண்ணெய் இளகி வரும். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து செய்தால்தான் வித்தியாசம் தெரியும், நாலு நாளில் விட்டுவிடாதீர்கள். ஏசியோ மின்விசிறியோ நேராக முகத்தில் அடித்தால் திசையை மாற்றுங்கள். செயற்கைக் கண்ணீர் தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால் பதப்படுத்தும் ரசாயனம் சேராத வகையாக வாங்குவது நல்லது, அந்த ரசாயனமே அடிக்கடி பட்டால் கண்ணை உறுத்தும். அலர்ஜிக்காக ஏதாவது மாத்திரை தினமும் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், அவற்றில் சில கண்ணை வறள வைக்கும்.

இரண்டாவது காரணம்: கண்ணாடி வேறு தூரத்துக்கானது

பவர் தினமும் மாறுகிறதோ என்று பயந்திருக்கிறீர்கள். மாறவில்லை, தூரம்தான் மாறுகிறது. 40ஐத் தாண்டினால் எல்லோருக்கும் கண்ணின் லென்ஸ் விறைத்துப்போய் கிட்டத்தில் குவிப்பது கடினமாகும். நம் ஊர்ப் பெரியவர்கள் வெள்ளெழுத்து என்று சொன்னது இதைத்தான். கம்ப்யூட்டரே பார்க்காதவர்களுக்கும் வரும், கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் வரும், 'போட்டால் பழகிப்போய் ஏறிவிடும்' என்பதும் உண்மையில்லை.

கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், கணக்குப் பிரிவுக்காரர் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். ஒரு மீட்டரைத் தூரத்தால் வகுத்தால் தேவைப்படும் பவர் கிடைக்கும். போன் 33 சென்டிமீட்டரில் இருந்தால் கண்ணுக்கு 3 பவர் வேலை, மானிட்டர் 66 சென்டிமீட்டரில் இருந்தால் ஒன்றரைதான். தூரப் பார்வை சரியாக இருப்பவர் பிளஸ் 2 போட்டால் அரை மீட்டருக்கு அப்பால் எல்லாமே மங்கும். உங்கள் மானிட்டர் அந்த அரை மீட்டருக்கு வெளியே இருக்கிறது. அதனால்தான் போட்டால் திரை மங்குகிறது, தெளிவு வேண்டும் என்று உடம்பு தானாக முன்னால் வளைகிறது. கழற்றினாலோ கண் தசை நாள் முழுக்க முக்கி முக்கிக் குவிக்கிறது, மூன்று மணிக்கு அதற்கும் அலுத்துவிடுகிறது. நெற்றி வலியும் கழுத்துப் பிடிப்பும் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன. 43 வயதுக்கு 2 என்பது அநேகமாக அதிகம், 1, 1.25 என்ற அளவிலேயே பலருக்குப் போதுமாக இருக்கும்.

ஆகவே பரிசோதனைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை. அலுவலகத்தில் வழக்கம்போல் சாய்ந்து உட்கார்ந்து, உடன் இருப்பவரை விட்டு உங்கள் கண்ணுக்கும் மானிட்டருக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டுபோய் 'இந்தத் தூரத்துக்கு எனக்கு என்ன பவர்' என்று கேளுங்கள். எங்களில் பலர் அவசரத்தில் தூரத்துச் சார்ட்டையும் கையில் பிடிக்கிற அட்டையையும் காட்டிவிட்டு அனுப்பிவிடுகிறோம், நடுவே இருக்கிற அந்தத் தூரத்தை யாரும் கேட்பதில்லை. வேலைக்கென்று தனிக் கண்ணாடி வைத்துக்கொள்வது ஆடம்பரம் இல்லை. ஒரே கண்ணாடியில் எல்லாத் தூரமும் வருகிற வகை வாங்கினால் கம்ப்யூட்டருக்கான பகுதி குறுகலாக இருக்கும், முகவாயைத் தூக்கித் தூக்கிப் பார்க்க நேரும், கழுத்து இன்னும் கெஞ்சும். அதை வாங்குவதற்கு முன் யோசியுங்கள்.

இரண்டு மானிட்டர் விஷயத்தில், எதை அதிகம் பார்க்கிறீர்களோ அது மூக்குக்கு நேராக வரட்டும், மற்றது பக்கத்தில் லேசாக உள்நோக்கித் திரும்பி இருக்கட்டும். மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருந்தால் பார்வை கொஞ்சம் தாழும், இமை விழியை அதிகம் மூடும், காய்வதும் குறையும். எழுத்தைப் பெரிதாக்கத் தயங்க வேண்டாம், கன்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை மேலே உருட்டினால் பல மென்பொருளில் போதும். தமிழில் படிக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம் என்று எனக்குத் தோன்றும்: ன, ண வித்தியாசம் ஒரு சுழியில் இருக்கிறது, புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதில் சொல்லே மாறிவிடுகிறது. ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவு நமக்குப் போதாது.

வேலையை விடுவதா?

வேண்டாம். வேலையை விட்டாலும் வெள்ளெழுத்து கூடவே வரும், இமைக்காத பழக்கம் போனுக்கு மாறிவிடும். 18 வருட அனுபவத்தை ஒரு தவறான பயத்துக்காகத் தூக்கிப் போடாதீர்கள். கண் பரிசோதனையில் ஏதாவது தெரியவந்தால்கூட, பெரும்பாலும் சிகிச்சை எடுத்துக்கொண்டே வேலையைத் தொடரலாம்.

மேலாளரிடம் சொன்னால் 'வயதாகிவிட்டது, வேலைக்கு லாயக்கில்லை' என்று நினைப்பார்களோ என்று தயங்கினால், இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1990லேயே திரை முன் வேலை செய்பவர்களுக்குக் கண் பரிசோதனை செய்து தர வேண்டும், தேவைப்பட்டால் வேலைக்கென்றே கண்ணாடியும் தர வேண்டும் என்று விதி செய்தது. பிரிட்டனிலும் 1993 முதல் அப்படி ஒரு விதி இருக்கிறது. திரை என்பது தொழில் கருவி, அதன் அசதி தொழில் சார்ந்த விஷயம் என்று அரசுகளே ஒப்புக்கொண்டு பல வருடமாகிவிட்டது. உங்கள் நிறுவனத்தில் இப்படி ஏதாவது வசதி உண்டா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். இல்லாவிட்டாலும் 'கண் வலிக்கிறது' என்று பொதுவாகச் சொல்லாமல், மானிட்டரின் உயரத்தைச் சரிசெய்து தாருங்கள், ஏசி காற்றைத் திருப்புங்கள், ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாமல் மேசையைத் திருப்புங்கள் என்று மூன்று வரியில் எழுதிக் கொடுத்தால் மறுப்பவர்கள் குறைவு.

மகனைப் பற்றி ஒரு வார்த்தை

அவனுக்கு வந்திருப்பது, நீங்கள் எழுதிய எண்ணை வைத்துப் பார்த்தால், கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் இருப்பது மங்குவது. உங்கள் பிரச்சினைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கிட்டத்தில் வைத்து மணிக்கணக்காகப் பார்ப்பதற்கு அதில் பங்கு உண்டு, ஆனால் அந்தக் கிட்டத்தில் புத்தகமும் சேரும், போனும் சேரும். மேசையில் தள்ளி இருக்கிற லேப்டாப்பைப் பூட்டிவிட்டுப் படுத்துக்கொண்டு போன் பார்க்க விட்டால் லாபமில்லை. வெளியே வெளிச்சத்தில் இருக்கும் நேரம்தான் பிள்ளைகளுக்குக் காவல். சீனாவின் குவாங்சோவில் பள்ளியில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்ட குழந்தைகளில் மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை புதிதாக வந்தது 30 சதவீதம் பேருக்கு, வழக்கம்போல் இருந்தவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் என்று 2015ல் வெளியான ஆய்வு காட்டியது. ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளைக்கு வெளிச்சம் அதே அளவு கைகொடுக்காது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை செய்து, பவர் ஏறும் வேகத்தைக் குறைக்கும் சிகிச்சை அவனுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். இப்போது அதற்கான லென்ஸ்களும் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தும் இருக்கின்றன. லேப்டாப்பைத் திறந்து கொடுங்கள், கூடவே மாலையில் வெளியே அனுப்புங்கள்.

இந்த வாரம் என்று காத்திருக்கக் கூடாதவை

விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, கண்ணும் தலையும் கடுமையாக வலித்து வாந்தி வருவது. திடீரென்று மின்னல் வெட்டுகிற மாதிரி தெரிவது, கரும்புள்ளிகள் கொத்தாகப் பறப்பது, திரைச்சீலை இறங்குகிற மாதிரி பார்வையின் ஒரு பக்கம் மறைவது. ஒரு கண்ணில் பார்வை சட்டென்று குறைவது. வலியோடு சிவந்து வெளிச்சம் பார்க்கவே முடியாமல் போவது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள். உங்களுக்கு இப்போது இவை எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

மாதக் கடைசிக் கணக்கு முடிந்ததும் டாக்டரைப் பார்க்கிறேன் என்று கடிதத்தில் ஓர் இடத்தில் சொல்லியிருந்தீர்கள். தயவுசெய்து அதற்கு முன்னால் ஒரு நாள் விடுப்பு எடுங்கள். அரை நாள் போதாது, ஏனென்றால் நரம்பைப் பார்க்கக் கண்மணியை விரிக்கும் மருந்து விடுவார்கள், நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாது, வெயில் கூசும். வண்டி ஓட்ட வேண்டாம், துணைக்கு யாரையாவது அழைத்துக்கொள்ளுங்கள். கையில் நாலு பொருள் இருக்கட்டும்: லேபிள் தெரிகிற மாதிரி அந்த மருந்து பாட்டில், இப்போது போடுகிற கண்ணாடிகள், மானிட்டர் தூரம் எழுதிய தாள், அம்மாவின் மருந்துச் சீட்டு. உள்ளே போனதும் எரிச்சலில் ஆரம்பிக்காதீர்கள். 'அம்மாவுக்குக் கண் அழுத்தம் இருக்கிறது, நான் நாலைந்து மாதமாக இந்த மருந்தை விடுகிறேன்' என்று அந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். அழுத்தம் எவ்வளவு வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.